எங்கள் லயத்துப் புலியும் அறிவைப் பற்றிய கட்டுரையும்

அந்த வருடம் ஊவா மாகாணத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ஒரே ஒரு சொல்: அறிவு. பதுளையில் ஒரு பெரிய மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். கையில் எந்தத் தாளும் கொண்டுவரக் கூடாது. காலையில் எழுதியதை மத்தியானத்துக்குள் நடுவர்கள் வாசித்து, நன்றாக எழுதியவர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சபைக்கு முன்னால் கேள்வி கேட்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து இரண்டு பேர்தான் போகலாம்.

ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து தேர்வான இருவரில் நான் ஒருத்தி. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இருந்து, தினமும் மலை இறங்கி பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்து எடுப்பவள். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் மாடியில் வேலை. எங்கள் லயத்தில் பெரிய வகுப்பு வரைக்கும் வந்த பெண் பிள்ளை நான்தான். அதுவும் அந்த வருடத்தோடு முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. "பரீட்ச முடிஞ்சதும் புள்ளைக்கு பேரு பதிஞ்சிருவோம்" என்று கங்காணி அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். பேர் பதிவதென்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் தேயிலை நிரையில் நிற்பது. அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்னொருத்தி பதுளை ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, இருந்தவரின் மகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வகுப்பில் எப்போதும் அவள் முதலாவது, நான் இரண்டாவது. சில தவணைப் பரீட்சைகளில் மாறியும் வரும். அவள் வீட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புத்தக அலுமாரி இருந்தது. எங்கள் இருவருக்கும் பெரிய சிநேகம் என்று சொல்ல முடியாது. அவள் என்னை "நீர்" என்று பேசுவாள். அது அவர்கள் ஊரில் மரியாதை. எனக்கோ அது ஒரு அடி தள்ளி நில் என்று சொல்வது போல இருக்கும்.

போட்டிக்கு முன்னால் இருவரும் ஆளுக்கொரு கட்டுரை பழக்கத்துக்காக எழுதி, மாற்றி வாசிக்க வேண்டும் என்று தமிழ் வாத்தியார் சொல்லியிருந்தார். அவர் கொள்கை உறுதியானது. கட்டுரை என்றால் ஒரு பக்கம் எடுக்க வேண்டும். எடுத்த பக்கத்தை விட்டு இறங்கக் கூடாது. யானையைத் தடவிப் பார்த்த குருடர்களின் கதையை எங்காவது வைத்தால் அழகாக இருக்கும் என்றும் சொன்னார்.

அப்போதிக்கரியின் மகள், நூலில் கற்பதே அறிவு என்று எழுதினாள். கண்ணால் காண்பதே அறிவு என்று நான் எழுதினேன். என் கட்டுரையின் நடுவில் எங்கள் அம்மா பார்த்த புலியை வைத்திருந்தேன்.

அந்தப் புலி விவகாரத்தைச் சொல்ல வேண்டும். மழையும் பனியும் தொடங்கிய மாதம் அது. லயத்துக்குப் பின்னால் இருந்த ஆட்டுப் பட்டிகளில் ஆடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு காலை மேல்மலையில் கொழுந்து எடுக்கப் போன அம்மா, பனிக்குள் ஒரு பாறைமேல் புலி ஒன்று படுத்திருந்து எழுந்து போனதைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மறுநாள் பெண்கள் எல்லோரும் மேல்மலைக்குப் போக மாட்டோம் என்றுவிட்டார்கள். காலையில் ஆட்களைப் பிரித்து வேலை கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கே வெள்ளைக்காரத் துரை வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "புலி கெடையாது. நாய். போ, வேலைக்கு" என்று கத்திவிட்டுப் போனார்.

என் கட்டுரையில் அம்மா வீராங்கனை, துரை மூடர். கண்ணால் கண்டவளை, காணாதவர் மறுப்பதா என்று முழங்கி முடித்திருந்தேன். வாசித்தவுடன் அப்போதிக்கரியின் மகள் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உம்மட அம்மா அதுக்கு முந்திப் புலி பாத்திருக்கிறாவோ?"

"இல்ல."

"அப்ப அது புலி எண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "பாத்தா தெரியாதா?"

"பனி எண்டு நீரே எழுதியிருக்கிறீர். எவ்வளவு தூரம்? உடம்பிலை கோடோ, புள்ளியோ? இலங்கையிலை கோடு போட்ட புலியே இல்லை. இருக்கிறது சிறுத்தை. ஏன் கோவிக்கிறீர்? நான் உம்மட அம்மா பொய் சொன்னவ எண்டு சொல்லேல்லை."

"உன் கட்டுரையில மட்டும் என்னா இருக்கு? சிறுத்தைய நீ பாத்திருக்கியா? பொஸ்தகத்துல எழுதினவன் பாத்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என் தாளைத் திருப்பி நீட்டினாள். மணி அடித்துவிட்டது. பஸ்ஸில் வீடு போகும் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் அவள் கேட்டதும் மனதுக்குள் குடைந்துகொண்டே வந்தது.

அன்று சாயந்திரம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அது புலின்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டாள். "எப்படித் தெரியுமா? ஒடம்பெல்லாம் புள்ளி பாத்தேன். பெத்தவளையே பொய்க்காரி ஆக்கத்தான் டவுனுக்கு படிக்கப் போறியா?"

வாசலில் இருந்த அப்பா பேச்சில் சேர்ந்துகொண்டார். "புலியும் இல்ல, நாயும் இல்ல. பட்டியில கயிறு அறுந்து கெடக்கல. அவுத்துக் கெடந்துச்சு. புலி முடிச்சு அவுக்குமா? களவுதான்."

"யாரு களவாண்டான்னு பாத்தீங்களாப்பா? எப்படித் தெரியும்?"

"என்னா பேச்சுப் பேசுற நீ?" அவருக்கும் கோபம்.

தோட்டத்துக் காவல்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். சேற்றில் நகம் பதிந்த தடம் கிடந்தது, புலி நடந்தால் நகம் பதியாது, அதனால் நாய்க்கூட்டம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டு, அதே முறைப்பை வாங்கினேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 'உனக்கு எப்படித் தெரியும்' என்பது பள்ளிக்கூடத்தில் நல்ல கேள்வி. வீட்டில் அது அடிக்கக் கை ஓங்குவது மாதிரி. ஆகவே கேள்வியை மாற்றினேன். மறுநாள் மாமாவிடம் போய், "மாமா, தடத்த எந்த எடத்துல பாத்தீங்க? காட்டுறீங்களா?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். பட்டிக்குப் பக்கத்தில் சேறு மிதிபட்டுக் கிடந்தது. இங்கேதான் நகத்தடம் இருந்தது என்றார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். விடிந்து, சனம் எல்லாம் கூடின பிறகு என்றார். லயத்து நாய்களும் வந்திருந்தனவா என்று கேட்டேன்.

மாமா குனிந்து சேற்றைப் பார்த்தார். "வந்து மோந்துக்கிட்டுத்தான் திரிஞ்சுச்சுங்க" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, "ஆனா அதுக்காக நாய் திங்கலன்னு சொல்லிற முடியுமா?" என்றார். அதுவும் சரிதான். சொல்லிவிட முடியாது.

அப்பாவிடம் கயிற்றைக் காட்டச் சொன்னேன். முடிச்சு அவிழ்ந்துதான் இருந்தது. ஆனால் பட்டியின் இன்னொரு பக்கம் மூங்கில் தட்டி வளைந்து, ஓர் ஆடு நுழையும் அளவுக்கு இடைவெளியும் இருந்தது. அப்பா அதைக் கவனித்திருக்கவில்லை. கடைசியாகக் காணாமல் போன ஆடு எங்களுடையது, முந்தின நாள் கயிறு கட்டியவர் அப்பா. முடிச்சு தானாக அவிழ்ந்தது என்று யாராவது சொன்னால் அவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பனி இறங்கியிருந்த காலை நேரமாகப் பார்த்து அம்மாவையும் அப்பாவையும் மேல்மலைக்கு வரச் சொன்னேன். அம்மா அன்று நின்ற நிரையிலேயே நானும் அவளும் நின்றோம். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறைக்குப் போனார். அவர் போய் ஏறியதும் பாறைமேல் கறுப்பாக ஓர் உருவம் மட்டும் தெரிந்தது.

"அம்மா, அப்பா கம்பளியோட நிக்கிறாரா, கழட்டிட்டாரா?"

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தெரியலியே."

"என்னா செய்யிறாரு?"

"மண்டையச் சொறியிறாரு" என்றாள் உடனே. இருவரும் சிரித்துவிட்டோம். கை அசைவது துல்லியமாகத் தெரிந்தது. துணியின் நிறமோ கோடோ தெரியவே இல்லை.

அம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. சும்மா பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "வாலு பாத்தேன் தாயி. நீட்டு வாலு. தொங்கி ஆடுச்சு. அது சத்தியம். ஆனா புள்ளிய நான் பாக்கல போல. லயத்துல எல்லாரும் புள்ளி புள்ளின்னு பேசிப் பேசி, எனக்கும் பாத்த மாதிரியே ஆயிருச்சு."

கொஞ்சம் கழித்து, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னாள்: "இன்னொன்னு சொல்றேன், வெளிய சொல்லாத. புலின்னு சொன்னதால இந்தச் செங்குத்துல ரெண்டு மூணு நாளு ஏறாம இருந்தோம். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அன்று மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகின்மேல் உட்கார்ந்து புதுக் கட்டுரை எழுதினேன். வால் கண்டவள், தடம் கண்டவர், கயிறு கண்டவர், ஒன்றும் காணாமல் உறுதியாகச் சொன்ன துரை. ஒவ்வொருவரும் எங்கே நின்று எதைப் பார்த்தார்கள், அவர்கள் நின்ற இடத்தில் எது தெரியாது, எது உண்மையானால் அவர்களுக்கு நல்லது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. பேனா தானாகவே ஓடியது. அப்படி ஒரு சந்தோஷம் எழுதும்போது அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை அப்போதிக்கரியின் மகளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடியும் வாசித்தாள்.

"நல்லாயிருக்கு" என்றாள். அவள் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததே பெரிது. "ஆனால் துரைக்கு மட்டும் ரெண்டே வரி. மற்ற ஆக்கள் ஏன் அப்பிடிச் சொன்னவை எண்டு தேடிப்போய்க் கேட்டிருக்கிறீர். இவரிட்டைக் கேக்கேல்லை. இவரிலை உமக்குக் கோவம்."

"துரைகிட்ட போய் யாரு கேக்குறது? பங்களா வாசல்லயே நாய உட்டுருவாங்க."

"அப்ப அதையும் எழுதும். கேக்க ஏலாமல் போனது எண்டு."

நான் யோசித்தேன். அன்று மாலை தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் விசாரித்தேன். துரை காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். பல வருடமாக இந்தப் பக்கம் சிறுத்தையைக் கண்டவர் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. மேல்மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். இரண்டையும் எழுதினேன். கடைசியில் ஐந்தாவது ஆளாக என்னையும் சேர்த்தேன். அம்மா சொன்னதே நிஜமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவள், அந்த ஆசையால் என் கண்ணிலும் கொஞ்சம் பனி உண்டு என்று.

பதிலுக்கு நானும் அவள் கட்டுரையைச் சும்மா விடவில்லை. "புத்தகம் எழுதியவர் எங்கே நின்று பார்த்தார்?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் முகம் சிவந்தது. ஆனால் அடித்து எழுதத் தொடங்கினாள்.

தமிழ் வாத்தியார் என் கட்டுரையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, முடிவு எங்கை?"

"முடிவு இன்னும் தெரியலைங்க சேர்."

"தெரியாது எண்டு எழுதவோ போட்டிக்குப் போறாய்? நடுவர்மார் என்ன நினைப்பினம்? முந்தி எழுதினது எவ்வளவு வீரமாயிருந்தது. அதையே எழுது. உன்ரை நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தெரியும். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். மாமாவும் லயத்தவர்கள் இன்னும் சிலரும் பஸ் ஏறி வந்து மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றார்கள். உள்ளே பண்டாரவளைப் பக்கம் இருந்து, பூனாகலைப் பக்கம் இருந்தெல்லாம் வந்த பிள்ளைகள். வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு மணியை அடித்தார்கள்.

வாத்தியார் சொன்னபடியே நான் 'கண்ணால் காண்பதே அறிவு' என்று தலைப்பு எழுதினேன். அந்தக் கட்டுரை எனக்கு மனப்பாடம். இரண்டாவது வரி எழுதும்போது, பாறையைப் பார்த்துக்கொண்டு "புள்ளிய நான் பாக்கல போல" என்று சொன்ன அம்மாவின் முகம் முன்னால் வந்தது. அவள் அவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டதை ஒளித்துவிட்டு, அவளை வீராங்கனை ஆக்கி எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு வரியையும் அடித்தேன். 'எங்கள் லயத்தில் ஆடுகள் காணாமல் போயின' என்று தொடங்கினேன். அதன் பிறகு நிமிரவே இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மேடைக்குக் கூப்பிட்ட சில பேரில் அப்போதிக்கரியின் மகளும் இருந்தாள், நானும் இருந்தேன். என்னைக் கூப்பிட்டபோது பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். பார்த்தால், வாசல்படி வரைக்கும் வந்துவிட்ட மாமா. மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் வேட்டி, சால்வையோடு வயதான ஒரு புலவர் போன்றவர். அவர் என் தாளை விரலால் தட்டினார்.

"அஞ்சு பேரை எழுதியிருக்கிறாய். ஒருவரையும் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு நியாயம் என்று விட்டுவிட்டால் அதற்குப் பெயர் அறிவா?"

முன்வரிசையில் எங்கள் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒரு வாரமாக இதையேதான் மென்றுகொண்டிருந்தேன்.

"இல்லைங்க ஐயா" என்றேன். "எல்லாரும் சரின்னு நான் எழுதலைங்க. எங்கம்மா புள்ளி பாத்தேன்னு சொன்னது சரியில்ல. அவங்க வாலு பாத்தது சரி. நகத்தடம் நாயோடதுன்னது சரி. அந்த நாய்தான் ஆட்டத் தின்னுச்சுன்னு சொல்ல அது போதாது. இப்படி ஒவ்வொருத்தர் பேச்சுலயும் நிக்கிறது எது, நிக்காதது எதுன்னு பிரிச்சிருக்கேனுங்க."

"நல்லது. அப்படியானால் முடிவாக அது என்ன? புலியா, நாயா, கள்வனா?"

"எனக்கு இன்னும் தெரியாதுங்க. ஆனா எதப் பாத்தா தெரிஞ்சிரும்னு தெரியும். அடுத்த தடவ ஆடு போனா, சனமும் நாயும் மிதிக்கிறதுக்கு முன்னால சேத்தப் பாக்கணும். கயித்த ரெண்டு பேரு பாக்க கட்டணும். தட்டியில மயிரு ஒட்டியிருக்கான்னு பாக்கணும். கடைசிப் பத்தியில அதத்தான் எழுதியிருக்கேனுங்க."

சபையில் ஒரு சலசலப்பு. ஓரத்தில் இருந்த நடுவர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். "இன்றைக்கு இங்கே எழுதியவர்களில் பாதிப் பேர் யானையைத் தடவிய குருடர் கதையை எழுதியிருக்கிறார்கள். பல பார்வைகளைப் பற்றி எழுதிய நீ மட்டும் ஏன் எழுதவில்லை?"

"எழுதலாம்னுதாங்க நெனச்சேன்" என்றேன். "ஆனா அந்தக் கதையில, கதை சொல்றவருக்கு மட்டும் கண்ணு தெரியுதுங்க. அது யானைன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். எங்க லயத்துல அப்படி முழுசாப் பாத்த ஆளு ஒருத்தரும் இல்லைங்க. நானும் தடவிப் பாக்குற ஆளுதான். அதனால, தடவினவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கணும்னு எழுதினேன்."

அந்த வயதான நடுவர் மேசையில் கையால் ஓங்கித் தட்டினார். "பேஷ்!" என்றார். அதன் பிறகு எழுந்த கைதட்டலை எப்படிச் சொல்வது? வெளியே மரத்தடியில் நின்றவர்கள் என்ன நடந்தது என்று தெரியாமலே தட்டினார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவ்வளவு தூரத்தில் இருந்து சொல்ல முடியவில்லை.

அப்போதிக்கரியின் மகளையும் விடாமல் குடைந்தார்கள். நூலை நம்புவது ஏன் என்று கேட்டதற்கு, "நூல் எழுதினவர் எங்கை நிண்டு பாத்தவர் எண்டு கேட்டுப்போட்டுத்தான் நம்ப வேணும்" என்று அவள் சொன்னபோது என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

முதல் பரிசு எனக்கு. இரண்டாவது அவளுக்கு. மாகாணத்து முதலிரண்டு பரிசுகளும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வந்தன. எங்கள் வாத்தியார் எங்கள் இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "முடிவுரை கொஞ்சம் சின்னனாய்ப் போச்சு" என்றார். மூவரும் சிரித்துவிட்டோம்.

பரிசாகக் கொடுத்த கனத்த அகராதியை அம்மா யாரிடமும் கொடுக்காமல் கொழுந்துக் கூடையைப் போல முதுகில் துணி கட்டிச் சுமந்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் அப்பா, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மேடையில் நடந்ததை நடித்துக் காட்டினார். லயத்துக்கு வந்ததும் விடவில்லை. வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து, கட்டுரையை எனக்கு நினைவில் இருந்தபடி சொல்லச் சொன்னார்கள். தன் பத்தி வந்தபோது ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள். அடுத்தவர் பத்தி வந்ததும், "அது அப்படியில்ல" என்று எழுந்தார்கள். அம்மா புள்ளியைப் பார்க்கவில்லை என்ற இடத்தில் நான் தயங்கினேன். அவளே, "சொல்லு, நெசந்தான" என்றாள். செங்குத்தில் ஏறாமல் இருந்த சந்தோஷத்தை மட்டும் நான் அந்தக் கட்டுரையில் எழுதவில்லை. அது எனக்கும் அவளுக்குமானது.

சில வாரம் கழித்து, கொழுந்து லொறியில் வந்தவர்கள் பாதையைக் கடந்து போன ஒரு சிறுத்தையை மிகப் பக்கத்தில் கண்டார்கள். அம்மாவுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆட்டைக் கொண்டுபோனது அதுதானா என்பது இன்றுவரைக்கும் தெரியாது. அப்பா தன் கள்வனைக் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போட்டி முடிந்த வாரமே எங்கள் தலைமை ஆசிரியர் அப்பாவை வரச்சொல்லி, பரீட்சைக்குப் பிறகும் மேல்வகுப்பில் என்னைத் தொடர்ந்து படிக்க வைக்க வேண்டும், பள்ளிக்கூடமே பொறுப்பேற்கும் என்றார். மறுநாள் பெரட்டுக் களத்தில் கங்காணி வழக்கம்போல என் பேச்சை எடுத்தார். ஸ்டோருக்குப் போகும் வழியில் அங்கே நின்ற அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: "எம் மகளுக்கு இங்க பேரு பதிய வேணாங்க. அவ பேரு டவுன்ல பதிஞ்சாச்சு." சுற்றி நின்ற பெண்கள் கூடையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள் என்று அம்மா வந்து சொன்னாள். சொல்லும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பா மாதிரியே நின்று காட்டினாள்.

அடுத்த வருடம் மேல்வகுப்பின் முதல் நாள், அப்போதிக்கரியின் மகள் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் உட்கார்ந்து பையைத் திறக்கும் முன்னரே ஒரு புதுத் தாளை என் முன்னால் தள்ளினாள்.

"நான் எழுதினது. வாசி. எங்கை பிழை எண்டு சொல்லு" என்றாள்.

நீர் போய் நீ ஆகியிருந்தது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ. நான் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.